படித்தவன் பேச, பாட்டாளி கைகட்டிக் கேட்பதா?



ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாக்கள் நடக்கின்றன. கறுப்பு அங்கி மாட்டிய பெரியவர்கள் மேடை ஏறுகிறார்கள். சர்வகலாசாலை என்றால் கருத்துக்கள் மோதும் களம், அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம், உரையாடல்தான் உயர் கல்வியின் உயிர் என்றெல்லாம் முழங்கிவிட்டு இறங்கிப் போகிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் அதைப் படத்தோடு போடுகின்றன.

கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளியும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிற விவசாயத் தொழிலாளியும் இந்தக் கனவான்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: ஐயா, நீங்கள் சொல்லும் அந்த "யாரும்" என்ற சொல்லில் நாங்கள் உண்டா, இல்லையா?

உண்டு என்றால், எங்களை எப்போது கேட்டீர்கள்? எதைக் கேட்டீர்கள்? நாங்கள் சொன்னதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள்? இல்லை என்றால், அதற்கு உரையாடல் என்று பெயர் வைப்பானேன்? நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டே!

யார் வீட்டுக் காசு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தங்கள் உயர் கல்வி முழுவதும் தகப்பனார் கட்டிய சம்பளத்தில் கிடைத்தது என்று படித்தவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. சர்க்கார் கல்லூரியில் மாணவன் கட்டும் சம்பளம் கல்லூரிச் செலவில் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் ஜனங்களின் வரிப்பணம்.

வருமான வரி கட்டுகிறவன் மட்டும்தான் வரி கட்டுகிறான் என்பது பணக்காரர்கள் பரப்பி வைத்த பொய். சோப்புக்கு வரி உண்டு. செருப்புக்கு வரி உண்டு. அடுப்புப் பற்றவைக்கும் தீப்பெட்டிக்கும் வரி உண்டு. தன் பிள்ளையைக் கல்லூரி வாசல் வரைகூட அனுப்ப முடியாத கூலிக்காரக் குடும்பம், அடுத்தவன் பிள்ளையின் படிப்புக்கு நாள்தோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டுகிறது!

காசு மட்டுமா? அந்தக் கட்டிடத்துக்குச் செங்கல் சுமந்தது யார்? விடுதியில் வேகும் சோற்றுக்கு நெல் விளைவித்தது யார்? பேராசிரியர் போட்டிருக்கும் அங்கிக்கு நூல் நூற்றது யார்? பொழுது விடிவதற்கு முன் வகுப்பறையைக் கூட்டிக் கழுவி வைப்பது யார்?

ஆகவே உயர் கல்வியின் சமூகப் பொறுப்பு என்பது படித்தவர் நமக்குப் போடும் தர்மம் அல்ல. வாங்கிய கடன். கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவனோடு பேச மாட்டேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றால், அதை எந்தப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும்?

பிரேசில் தொழிலாளி நடத்திய பாடம்

படித்தவனும் பாட்டாளியும் எப்படிப் பேச வேண்டும் என்பதற்குப் பிரேசில் தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

அந்த நாட்டின் வடகிழக்குப் பகுதியில் பெர்னாம்புகோ என்றொரு மாகாணம். கரும்புத் தோட்டங்களும் பட்டினியும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் சீமை. அதன் தலைநகர் ரெசீபே. அங்கே 1921-ல் பிறந்தவர் பாவ்லோ பிரெய்ரே. சட்டம் படித்தவர். 1940-களின் பின்பாதியிலிருந்து, தொழில் முதலாளிகளின் பணத்தில் நடந்த தொழிலாளர் நல ஸ்தாபனம் ஒன்றில் கல்விப் பகுதியைக் கவனித்து வந்தார்.

ஒரு நாள் மாலை தொழிலாளர்களைக் கூட்டி வைத்து, பிள்ளைகளை அடித்து வளர்ப்பது தவறு என்று பேசினார். சுவிட்சர்லாந்துப் பேரறிஞர் பியாஜேயின் ஆராய்ச்சிகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். நல்ல பேச்சுத்தான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு முடிந்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளி எழுந்தார். அழகாகப் பேசினீர்கள், டாக்டர் என்று முதலில் பாராட்டினார். பிறகு, நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் தெரியுமா, எங்களில் யார் வீட்டுக்காவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். தங்கள் வீடுகள் எப்படிப்பட்டவை, எவ்வளவு நெருக்கம், தண்ணீருக்கு என்ன பாடு என்று விவரித்தார். அடுத்தபடியாக, பிரெய்ரேயின் வீட்டை நேரில் பாராமலே வரைந்து காட்டினார்: தோட்டம் சூழ்ந்த வீடு, கணவன் மனைவிக்குத் தனி அறை, பிள்ளைகளுக்குத் தனி அறை, குளிக்க வெந்நீர். பேச்சாளர் நாற்காலியில் கூனிக் குறுகிப் போனார். அத்தனையும் உண்மை!

உங்கள் பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டுச் சிரித்தபடி உங்களை வரவேற்பார்கள்; நாங்கள் உடம்பு நொந்து வீடு திரும்பும்போது எங்கள் பிள்ளைகள் பசியோடு கத்திக்கொண்டிருப்பார்கள்; விடியற்காலை நாலு மணிக்கு மறுபடியும் நாங்கள் எழ வேண்டும்; நாங்கள் அடிப்பது பாசம் இல்லாததனால் அல்ல, இந்த வாழ்க்கை எங்களுக்கு வேறு வழி வைக்காததனால் என்று சொல்லி முடித்தார் அந்தத் தொழிலாளி.

வீடு திரும்பும்போது, நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று பிரெய்ரே மனைவியிடம் அங்கலாய்த்தார். மனைவி எல்சா ஆசிரியை. அவர் திருப்பிக் கேட்டார்: அவர்களுக்கு உங்களைப் புரிந்தது, நீங்கள்தான் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்குப் புரிந்ததா?

இதைப் பிரெய்ரே தாமே 1992-ல் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். தம் வாழ்நாளில் கிடைத்த மிகத் தெளிவான பாடம் இது என்று கருதினார். பாடம் நடத்தியவர் யார் என்பதைக் கவனியுங்கள். பெயர்கூட எழுதி வைக்கப்படாத ஒரு தொழிலாளி!

செங்கல்லிலிருந்து போராட்டம்

இந்தப் பாடம் வீண் போகவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ரெசீபே சர்வகலாசாலை ஒரு கலாசார விரிவாக்க இலாகாவை ஏற்படுத்தியது. அதன் முதல் இயக்குநர் பிரெய்ரே. சர்வகலாசாலையின் அறிவு மதிலுக்கு வெளியே போக வேண்டும், வெளியே உள்ள வாழ்க்கை உள்ளே வர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த நாளில் பிரேசிலின் ஜனத்தொகை ஏறத்தாழ 7 கோடி. உயர் கல்வி பெற்றுக்கொண்டிருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம். பெரியவர்களில் 100-க்கு 40 பேருக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவனுக்கு வோட்டும் கிடையாது! 1881-ல் போட்ட சட்டத்திலிருந்து வந்த வினை அது. அந்தத் தடை 1985-ல்தான் முழுதாக நீங்கியது. பள்ளிக்கூடம் கட்டித் தராமல் இருந்தவர்களும் அவர்களே. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு வோட்டு இல்லை என்றவர்களும் அவர்களே. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

1963-ல் ரியோ கிராண்டே தோ நோர்த்தே மாகாணத்தில் அஞ்ஜிகோஸ் என்ற சிற்றூருக்கு நத்தால் நகரத்துக் கல்லூரி மாணவர்கள் போனார்கள். ஊர் மக்களிடமிருந்து அவர்கள் வாயில் புழங்கும் சொற்களை முதலில் கேட்டுத் திரட்டினார்கள். அந்தச் சொற்களிலிருந்தே எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். 300 பேர்; 40 மணி நேரப் படிப்பு. ஏப்ரல் 2-ந் தேதி நிறைவு விழாவுக்கு ஜனாதிபதி கூலார்ட்டே நேரில் வந்தார்.

இந்த முறையின் சூட்சுமம் என்ன? கட்டிட வேலை செய்கிற தொழிலாளிக்கு முதலில் ஒரு படம். செங்கல் அடுக்குகிற காட்சி. யார் செங்கல் செய்கிறார்கள், யார் சுமக்கிறார்கள், கட்டிய வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் எழுத்து. அவர்கள் பாஷையில் செங்கல்லுக்கு "திஜோலோ" என்று பெயர். அதை மூன்றாக உடைத்து, ஒவ்வொன்றின் வரிசையையும் எழுதுவார்கள். அந்த எழுத்துக்களைக் கூட்டிப் புதுச் சொற்களைத் தொழிலாளிகளே கண்டுபிடிப்பார்கள். அப்படிக் கிடைக்கும் சொற்களில் ஒன்று "லூத்தா". அதற்கு அர்த்தம், போராட்டம்!

பார்த்தீர்களா? செங்கல்லுக்குள்ளே போராட்டம் இருந்தது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியில், தேசம் முழுவதும் 20,000 வட்டங்கள் அமைத்து 20 லட்சம் பேருக்குக் கற்பிப்பதென்று சர்க்கார் திட்டம் போட்டது. பண்ணையார்களின் வயிற்றில் புளி கரைத்தது. 20 லட்சம் புதிய வோட்டு என்றால் சும்மாவா?

பீரங்கி பேசியது

1964 ஏப்ரல் முதல் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்றைக்கே ரியோ நகரில் தேசிய மாணவர் சங்கத்தின் தலைமைக் கட்டிடம் தீக்கு இரையாயிற்று. அந்த மாணவர்கள் செய்த குற்றம் என்ன? 1962-ல் சர்வகலாசாலை நிர்வாகக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் எங்களுக்கு வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களைப் பற்றி முடிவு எடுக்கும்போது எங்களோடு பேசு என்றார்கள். அவ்வளவுதான்!

எழுத்தறிவுத் திட்டம் ஏப்ரல் 14-ந் தேதியே ரத்து செய்யப்பட்டது. நாடு பிடித்த இரண்டே வாரத்தில் ஜெனரல்களுக்கு இதுவும் ஒரு அவசர வேலை! பிரெய்ரேயைச் சுமார் 70 நாள் சிறையில் போட்டார்கள். பிறகு அவர் நாடு கடந்து பொலிவியா போனார், சிலி போனார், அமெரிக்கா போனார், ஜெனீவா போனார். தாய்நாட்டில் மறுபடியும் குடியேறியது 1980-ல்.

1969 பிப்ரவரியில் 477-ம் எண் உத்தரவு வந்தது. சர்வகலாசாலைக்குள் ராணுவம் விரும்பாத அரசியல் வேலை செய்த மாணவன் 3 வருஷத்துக்கு எங்கும் படிக்க முடியாது. ஆசிரியர் 5 வருஷத்துக்கு எங்கும் கற்பிக்க முடியாது.

செங்கல் என்ற சொல்லை எழுதக் கற்றுக்கொடுத்த மனிதனுக்கு ஜெயில் எதற்கு என்று கேட்கலாம். ஜெனரல்கள் முட்டாள்கள் அல்ல. படித்தவன் பாட்டாளியோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நம்மில் பலரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்று வாதங்கள், மூன்று பதில்கள்

இப்போது நம் எதிராளிகளின் வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: படிக்காதவனுக்கு என்ன தெரியும்? அறிவாளியும் கூலிக்காரனும் சமமாகப் பேச முடியுமா? கை தூக்கி வோட்டெடுத்தா விஞ்ஞானத்தை முடிவு செய்வது?

விஞ்ஞானத்தை வோட்டெடுத்து முடிவு செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாய்லர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த வால்வு ஒழுகுகிறது என்பது அதன் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். இருவரும் பேசாவிட்டால் பாய்லர் வெடிக்கும். செத்துப்போவது இன்ஜினீயர் அல்ல.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்கிறேன். பஞ்சுத் தூசியால் வரும் மார்பு நோய் இருக்கிறதே, இங்கிலாந்தில் லங்காஷயர் மில் தொழிலாளிகள் அதைக் காலகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது என்று சொன்னார்கள். 1950-களில் மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷில்லிங் என்ற டாக்டர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா, வாரம் தவறாமலா, மற்ற நாட்களிலுமா என்று தொழிலாளிகளைக் கேட்டார். அந்தப் பதில்களைக் கொண்டே நோயின் படிகளை வகுத்தார். உலகம் முழுவதும் டாக்டர்கள் பல பத்தாண்டு காலம் அந்த வரிசையைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவிலோ, எங்கள் நாட்டில் இந்த நோயே இல்லை என்று மில் முதலாளிகள் வெகுகாலம் சாதித்தார்கள். பஞ்சுத் தூசிக்கு அங்கே முறையான வரம்புச் சட்டம் வந்தது 1978-ல். அதையும் எதிர்த்து முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1981-ல் தோற்றார்கள். தொழிலாளியைக் கேட்ட இடத்தில் விஞ்ஞானம் வளர்ந்தது. கேட்காத இடத்தில் தொழிலாளியின் நுரையீரல் அழிந்தது. படிக்காதவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!

வயல் பக்கமும் இதே கதைதான். சிலியில் நிலச் சீர்திருத்தம் நடந்தபோது பிரெய்ரே அங்கே இருந்தார். விவசாயப் பட்டதாரிகள் கிராமத்துக்குப் போய்த் தங்கள் அறிவை "விரிவாக்கம்" செய்தார்கள். 1969-ல் வெளியான நூலொன்றில் அவர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். விரிவாக்கம் என்றால், என்னிடம் நிறைந்திருக்கிறது, உன்னிடம் காலி, நான் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். உழுகிறவன் காலிக் குடம் அல்ல, அவனுடைய பட்டறிவோடு பட்டதாரியின் அறிவு கலந்து பேசினால்தான் புதிய அறிவு பிறக்கும் என்று வாதிட்டார்.

அதே சொல் நம் ஊரிலும் இருக்கிறது அல்லவா? வேளாண்மை விரிவாக்கம்! 1981-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் "பயிற்சியும் பார்வையிடலும்" என்ற முறை வந்தது. அலுவலர் ஊருக்கு வந்து பொறுக்கி எடுத்த "தொடர்பு விவசாயி"யைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அவர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பல இடங்களில் அப்படிப் பொறுக்கப்பட்டவர் வசதி படைத்தவராகவே இருந்தார் என்று ஆராய்ச்சிக்காரர்களே பின்னால் குறை எழுதினார்கள். நிலமில்லாத கூலிக்கு அந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது. நாற்றைத் தொட்டு நடுகிறவள் அவள். மருந்துக் கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து நடக்கிறவன் அவன். நஞ்சு ஏறுவது அவன் உடம்பில். ஆலோசனை மட்டும் வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்கு!

இரண்டாவது வாதம்: கல்விக்கூடத்தில் அரசியல் கூடாது; மாணவன் படிக்க வந்தவன், படித்துவிட்டுப் போகட்டும்.

2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அம்பேத்கர், பெரியார் பெயரால் மாணவர்கள் ஒரு படிப்பு வட்டம் நடத்தினார்கள். சாதி, தொழிலாளர் சட்டம், மொழி இவற்றைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். கையெழுத்துப் போடாத ஒரு புகார்க் கடிதம் டில்லிக்குப் போயிற்று. கல்வி இலாகா அதை நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள், விதிமுறைகளை மீறினார்கள் என்று நிர்வாகம் காரணம் சொன்னது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஜூன் 7-ந் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

விதி மீறல் என்றால் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே! பெயர் போடாத கடிதத்துக்கு டில்லி வரை காது இருந்தது. பெயர் சொல்லி, முகம் காட்டி, பகல் வெளிச்சத்தில் பேசிய மாணவனுக்குச் சொந்த நிறுவனத்தில் காது இல்லை. இதுதான் அரசியல் கலக்காத கல்வியா? மேலே இருக்கிறவனின் அரசியலுக்கு ஒழுக்கம் என்று பெயர். கீழே இருக்கிறவனின் அரசியலுக்கு அரசியல் என்று பெயர். இவ்வளவுதான் வித்தியாசம்.

பிரேசிலிலும் இந்தக் கூச்சல் ஓயவில்லை. 2012-ல் பிரெய்ரேயைத் தேசத்தின் கல்விப் புரவலர் என்று சட்டம் போட்டுக் கௌரவித்தார்கள். 2018 தேர்தல் பிரசாரத்தில் வலதுசாரி வேட்பாளர் பொல்சொனாரோ, தீயுமிழும் கருவியோடு கல்வி இலாகாவுக்குள் நுழைந்து பிரெய்ரேயை வெளியே துரத்த வேண்டும் என்று பேசினார். பிரெய்ரே இறந்தது 1997-ல்! செத்து 21 வருஷமான மனிதனைத் துரத்த நெருப்பு வேண்டியிருந்தது அவர்களுக்கு. அவர் ஜனாதிபதி ஆனபின் 2019-ல் அவருடைய கல்வி மந்திரி, ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டி முதலில் மூன்று சர்வகலாசாலைகளின் பணத்தில் கைவைத்தார். பிறகு மத்திய சர்வகலாசாலைகள் அனைத்திலும் அன்றாடச் செலவுக்கான பணத்தில் 100-க்கு 30 பங்கை முடக்கினார். மே 15-ந் தேதி மாணவர்களும் ஆசிரியர்களும் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான ஊர்களில் தெருவில் இறங்கினார்கள். அரசியல் கூடாது என்று சொன்னவர்கள்தான் கல்வியின் கழுத்தை அரசியல் கையால் நெரித்தவர்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நயமானது: நாங்கள் கிராமத்துக்குப் போகாமலா இருக்கிறோம்? எங்கள் மாணவர்கள் முகாம் போடுகிறார்களே!

உண்மை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 சர்வகலாசாலைகளில் தொடங்கியது. இன்றைக்கு நாடு முழுவதும் பரவியிருக்கிறது. ஏழு நாள் முகாமில் வியர்வை சிந்தும் பிள்ளைகளை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் முகாமை நடத்தும் பெரியவர்களைக் கேட்கிறோம்: தெருவைக் கூட்டினீர்கள், மரக்கன்று நட்டீர்கள், படம் பிடித்தீர்கள். சந்தோஷம். அந்த ஊரில் நடவுக் கூலி என்ன என்று ஒரு மாணவனாவது கேட்டானா? ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி ஏன் என்று விசாரித்தானா? சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஏன் இரண்டு என்று கேட்டானா? கேட்டிருந்தால், அந்தக் கேள்வியை வகுப்பறைக்குக் கொண்டுபோக விட்டீர்களா?

துடைப்பம் பிடிக்க நமக்குத் தெரியும். அதற்குப் பட்டதாரி வேண்டாம். நம் கேள்வியைச் சர்வகலாசாலைக்குள் எடுத்துப்போகத்தான் பட்டதாரி வேண்டும்.

நாலு உரைகல்

ஆகவே உரையாடல் என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். பொன்னை உரைத்துப் பார்ப்பது போல நாலு கேள்வியால் உரைத்துப் பாருங்கள்.

ஒன்று: கேட்கிறவன் எதிர்த்துக் கேட்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது உத்தரவு.

இரண்டு: எதிர்த்துக் கேட்டவனுடைய படிப்பும் பிழைப்பும் தப்புமா? தப்பாது என்றால் அது மிரட்டல்.

மூன்று: பேசியதால் பாடத்திலோ, ஆராய்ச்சியிலோ, நிர்வாகத்திலோ எதாவது மாறியதா? மாறவில்லை என்றால் அது நாடகம்.

நாலு: நம்மிடம் எடுத்துப்போனதற்குக் கணக்கு ஒப்படைத்தார்களா? கேள்வித்தாளோடு வருகிறார்கள். நம் கூலி, நம் கடன், நம் சாதி, நம் நோய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறார்கள். அதை வைத்துப் புத்தகம் வருகிறது, டாக்டர் பட்டம் வருகிறது. நமக்கு என்ன வந்தது? நம் மொழியில் ஒரு பக்கமாவது வந்ததா? வரவில்லை என்றால் அது கொள்ளை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கோர்தொபா நகரில் 1918-லேயே மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து, சர்வகலாசாலை நிர்வாகத்தில் மாணவருக்கும் இடம் என்ற கோரிக்கையைக் கண்டம் முழுவதும் பரப்பினார்கள். பிரேசிலின் 1988 அரசியல் சட்டம், கற்பிப்பதும் ஆராய்வதும் மக்களிடம் செல்வதும் பிரிக்க முடியாதவை என்று 207-வது ஷரத்தில் எழுதி வைத்தது. 2012-ல் மத்திய சர்வகலாசாலைகளில் பாதி இடத்தைப் பொதுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். அதற்குள் கறுப்பின, பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பங்கும் வைத்தார்கள். 2018 டிசம்பரில், பட்டப்படிப்பின் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது மக்களோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு என்று விதி செய்தார்கள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் சட்டமாக எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி.

நமக்கும் ஒரு நெறி உண்டு

தோழர்களே, உரையாடல் இரண்டு கை ஓசை. நம் கைக்கும் வேலை இருக்கிறது.

படித்தவனெல்லாம் ஏமாற்றுக்காரன், புத்தகமெல்லாம் பொய் என்று பேசுவது பாட்டாளிக்கு அழகல்ல. அப்படிப் பேசினால் லாபம் யாருக்கு? நாம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று நினைக்கிறவனுக்குத்தான். ரெசீபே தொழிலாளி கல்லெறியவில்லை; எழுந்து வெளியே போகவில்லை. முழுவதும் கேட்டார், நல்லதை நல்லது என்றார், பிறகு தன் வாழ்க்கையைச் சான்றாக வைத்துக் கேள்வி கேட்டார். அதனால்தான் ஒரு அறிவாளியை மாற்ற முடிந்தது.

நம் கூட்டங்களிலும் அந்த நாலு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நடவு நடும் பெண் எழுந்து பேசினால் ஆண்கள் சிரிக்காமல் கேட்கிறோமா? சேரித் தோழன் சொல்லும் யோசனைக்கு ஊர்த் தெருத் தோழன் சொல்லும் யோசனைக்கு உள்ள மதிப்பு உண்டா? பேச்சாளர் மூன்று மணி நேரம் பேசிவிட்டு, சந்தேகம் கேட்க ஐந்து நிமிஷம் என்றால் ஏற்கலாமா? சர்வகலாசாலையைக் கேள்வி கேட்கிற வாய்க்குச் சங்கக் கட்டிடத்தில் பூட்டு இருக்கக் கூடாது.

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். பட்டினி கிடந்தாவது அனுப்புங்கள். அனுப்பும்போது, மேலே போ என்று மட்டும் சொல்லாதீர்கள். திரும்பி வந்து எங்களோடு பேசு என்றும் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக் கூலிக் கணக்கைச் சொல்லுங்கள். கேள்வித்தாளோடு யாராவது வந்தால் பதில் சொல்லுங்கள். இதைத் தமிழில் எழுதி எங்களுக்கு எப்போது படித்துக் காட்டுவாய் என்று தேதி கேளுங்கள். ஆலையில் தூசி அளக்க வருகிற நிபுணரிடம், திங்கட்கிழமை வாருங்கள் ஐயா என்று சொல்லுங்கள்.

சர்வகலாசாலை நம் பணத்தில் நிற்கிறது. நம் உழைப்பில் நிற்கிறது. அதன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியவர்கள் நாம் அல்ல. உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். பேசுவோம். அவர்கள் பேசும்போது கேட்போம். நாம் பேசும்போது அவர்களைக் கேட்கவைப்போம்!